148-ஆ, 21-ஆ? ஆன்டிபாடி டெஸ்ட் லேபுக்கு லேப் ஏன் இப்படி மாறுகிறது?

நாகலூர்க்காரி:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்குக் கொஞ்ச நாளாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, எப்போது பார்த்தாலும் அசதி. தைராய்டு டெஸ்ட் எடுத்தோம். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) 6.2. கூடவே ஆன்டி டிபிஓ என்று ஒன்று (தைராய்டில் உள்ள டிபிஓ புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தை அளப்பது) எழுதிக் கொடுத்திருந்தார்கள், அது 148. "உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது" என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் ஆடிப்போய்விட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து சேலத்தில் வேறு ஒரு லேபில் எடுத்தோம். டிஎஸ்எச் 5.8, ஆன்டி டிபிஓ 21.4. 148 எங்கே, 21 எங்கே? இடையில் அவள் மாமனார் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தைக் குடித்து வந்தாள். "பாத்தீங்களா, ஏழில் ஒரு பங்காக் குறைஞ்சிருச்சு" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரரோ முதல் லேப் ஏமாற்றிவிட்டது என்கிறார். எந்த ரிப்போர்ட்டை நம்புவது? மூன்றாவதாக ஒரு லேபில் பார்த்துவிடலாமா?

ஐந்துரோடு:
அக்கா, எதையும் நம்ப வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுப்பார், லேப் கமிஷன் கொடுக்கும், நம்பர் எதுவோ வரும். எங்கள் தெருவில் ஒருத்தர் ஒரே நாளில் இரண்டு இடத்தில் ரத்தம் கொடுத்து, இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜையில் போட்டுச் சண்டை பிடித்தார். இரண்டு பக்கமும் "எங்களுடையது சரி" என்று சாதித்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
முதல் ரத்தம் ஏற்காட்டில் எடுத்ததா? அப்படியானால் அதை பஸ்ஸில்தான் கீழே கொண்டுவந்திருப்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கி வந்த ரத்தம் எப்படி நல்லபடியாக இருக்கும்? என் மச்சினனுக்கு இப்படித்தான் பொட்டாசியம் கன்னாபின்னாவென்று ஏறிக் காட்டியது. கீழே வந்து எடுத்தால் நார்மல்.

பிப்பெட்:
நான் லேப் டெக்னீஷியன். நாகலூர்க்காரி, இரண்டு ரிப்போர்ட்டிலும் நம்பருக்குப் பக்கத்தில் நார்மல் எல்லை போட்டிருக்கும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மெத்தட் என்று இருக்கும். இரண்டையும் அப்படியே எழுதுங்கள். அதைப் பார்க்காமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

செவ்வாய்ப்பேட்டை அண்ணா, பொட்டாசியத்துக்கு நீங்கள் சொல்வது சரி. சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே வந்து கணக்கு ஏறிவிடும். ஆன்டிபாடி அவ்வளவு சீக்கிரம் கெடுகிற சரக்கில்லை. சீரத்தை (ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீர்) பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் வரை தாங்கும். மலைப்பாதையின் மேல் இந்தப் பழியைப் போட முடியாது.

நாகலூர்க்காரி:
பார்த்துவிட்டேன் சார். முதலாவதில் "34-க்குக் கீழ்", மெத்தட் ஈசிஎல்ஐஏ. இரண்டாவதில் "5.61-க்குக் கீழ்", மெத்தட் சிஎம்ஐஏ. ஆமாம், முதல் ரத்தம் மலையிலேயே கலெக்ஷன் பாயிண்டில் எடுத்தது.

பிப்பெட்:
நினைத்தது சரிதான், இரண்டு லேபும் அளக்கிற முறையே வேறு. இப்போது எல்லையோடு சேர்த்துப் பாருங்கள். 34 எல்லைக்கு 148 என்றால் நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேல். 5.61 எல்லைக்கு 21.4 என்றால் நாலு மடங்குக்குக் கொஞ்சம் கீழ். இரண்டு லேபும் சொன்ன சேதி ஒன்றேதான்: பாசிட்டிவ். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

34 என்பது ரோஷ் மெஷினின் எல்லை, 5.61 அபாட் ஆர்க்கிடெக்ட்டுடையது. பெக்மேன் மெஷினில் அது 9. சீமென்ஸ் சென்டாரில் 60. அலகு பெரும்பாலும் ஐயூ பெர் எம்எல் என்றுதான் அச்சாகும், அங்கேதான் ஆளைக் குழப்புகிறது. உங்கள் தங்கை இரண்டாவது தடவை சென்டார் இருக்கிற லேபுக்குப் போயிருந்தால் நம்பர் ஏறிக்கூட வந்திருக்கலாம். மாமனார் கஷாயத்தையே நிறுத்தியிருப்பார்.

ஏன் இப்படி என்று கேட்டால், குளுக்கோஸ் என்பது ஒரே மூலக்கூறு. யார் ரத்தத்திலும் அதே பொருள், எந்த லேபும் எண்ணுவது அதையேதான். ஆன்டிபாடி அப்படி இல்லை. ஒரே ஆள் ரத்தத்திலேயே டிபிஓ புரதத்தின் வேறு வேறு இடத்தைப் பிடிக்கிற பல ரகம் கலந்து ஓடும். சில கெட்டியாகப் பிடிக்கும், சில லேசாக ஒட்டும். அதைப் பிடித்து அளக்க கம்பெனிக்காரர்கள் கிட்டுக்குள் வைக்கிற புரதமும் ஆளுக்கொரு விதம். நம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக் கூட்டத்தை ஒருத்தர் மஞ்சள் புடவையை வைத்து எண்ணுகிறார், இன்னொருத்தர் தீச்சட்டியை வைத்து எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை, ஆனால் இரண்டு எண்ணையும் கழித்துப் பார்த்து "கூட்டம் குறைந்துவிட்டது" என்று சொல்ல முடியாது.

ஒரு விஷயம், இந்த மடங்குக் கணக்கையும் ரொம்ப இழுக்கக் கூடாது. நாலுக்கு நாலு என்று பொருந்தி வந்தது உங்கள் அதிர்ஷ்டம். நிறையப் பேருக்கு அதுவும் பொருந்தாது. எல்லைக்கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒரு லேபில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ் என்றே வரும்.

ஐந்துரோடு:
அலகு ஒன்று, அளவு வேறு! அப்புறம் எதற்கு சார் சர்வதேச அலகு என்று பெயர்? துணி மீட்டரில் இப்படிச் செய்தால் கேஸ் போடுவார்கள்.

பிப்பெட்:
நியாயமான கேள்வி. எல்லா கிட்டுக்கும் தாய் அளவு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் வைத்திருக்கிற 66/387 என்ற எண் கொண்ட சீரம். கம்பெனிகள் தங்கள் கிட்டை அதோடு ஒப்பிட்டுத்தான் அளவு போடுகிறார்கள். அந்தச் சீரத்தில் இருக்கிற ஆன்டிபாடிக் கலவையும் உங்கள் தங்கையின் கலவையும் ஒன்றாக இருக்க முடியாதல்லவா? அந்தச் சீரத்தில் எல்லா கிட்டும் ஒத்துப்போகும், ஆளுக்கு ஆள் வரும்போது பிரிந்துவிடும். அளவுகோல் இருந்தும் அளக்கிற பொருள் ஒன்றாக இல்லை.

டிஎஸ்எச்சைப் பாருங்கள், 6.2, 5.8 என்று பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட ஹார்மோன், அதனால் லேப் மாறினாலும் இவ்வளவு தாண்டாது. இரண்டு ரிப்போர்ட்டும் உருப்படியான ரத்தத்தில் உருப்படியாக ஓட்டியவை என்பதற்கு அதுவே சாட்சி. ஒரே லேபில் ஒரே ரத்தத்தை இரண்டு பெயரில் கொடுத்தாலும் பத்து சதவீதம் முன்னேபின்னே வரும், அதை மோசடி என்று சொல்லக் கூடாது.

கமிஷன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்த டெஸ்ட் எழுதுவது என்பதில் அது விளையாடும். மெஷின் சொல்கிற எண்ணில் இல்லை.

ஸ்டெத்:
பொது மருத்துவராக ஒரு கேள்வி. முடி கொட்டுகிறது என்றீர்கள். முடிக்காக ஏதாவது மாத்திரை எடுக்கிறார்களா? பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறதா என்று டப்பாவைப் பாருங்கள். ஆன்டிபாடி விஷயத்தில் இதை யாரும் கேட்பதில்லை.

நாகலூர்க்காரி:
இருக்கிறது டாக்டர். பயோட்டின் 10,000 எம்சிஜி என்று போட்டிருக்கிறது. ஆனால் அது முதல் டெஸ்ட்டுக்கு அப்புறம் வாங்கியது. ஏன், அதனால் என்ன?

ஸ்டெத்:
நல்லவேளை. நிறைய கிட்டுகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற குணத்தை வைத்துத்தான் வேலை செய்கின்றன. ரத்தத்தில் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் நிறைய இருந்தால் அது இடையில் புகுந்து அந்த ஒட்டலைக் கெடுத்துவிடும். சில வகை டெஸ்ட்டில் நம்பர் பொய்யாக ஏறும், சிலதில் பொய்யாக இறங்கும். தைராய்டில் இது வேடிக்கையாக இருக்கும்: டிஎஸ்எச் குறைந்தும், டி4 என்ற தைராய்டு ஹார்மோன், ஆன்டிபாடி இரண்டும் ஏறியும் காட்டும், ஆளுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று தோன்றும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 நவம்பரில் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. புதிய கிட்டுகளில் ஓரளவு சரிசெய்திருக்கிறார்கள். இருந்தாலும் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அந்த மாத்திரையை நிறுத்திவிடச் சொல்லுங்கள். லேபிலும் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை விஷயத்தில் முதல் ரிப்போர்ட் மாத்திரைக்கு முந்தியது, அதிலேயே பாசிட்டிவ். டிஎஸ்எச் இரண்டு தடவையும் ஏறித்தான் இருக்கிறது. ஆகவே பயோட்டின் இங்கே குற்றவாளி இல்லை.

இனி முக்கியமான விஷயம். ஆன்டி டிபிஓ பாசிட்டிவ் என்பது தெரிந்த பிறகு அதை மறுபடி மறுபடி பார்ப்பதில் பயன் இல்லை. மாத்திரை வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை டிஎஸ்எச்சும் ஆளின் நிலைமையும்தான் முடிவு செய்யும். 148 இருந்தால் பெரிய டோஸ், 21 இருந்தால் சின்ன டோஸ் என்று கிடையாது. இங்கிலாந்தில் விக்காம் என்ற ஊர் மக்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். டிஎஸ்எச் ஏறி, ஆன்டிபாடியும் பாசிட்டிவாக இருந்த பெண்களில் வருடத்துக்கு 4.3 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்பு நோய் என்று சொல்லும் அளவுக்குக் குறைந்தது. டிஎஸ்எச் மட்டும் ஏறியவர்களுக்கு அது 2.6 சதவீதம். ஆன்டிபாடி டெஸ்ட் நமக்குத் தருகிற தகவல் இதுதான்: கொஞ்சம் நெருக்கமாகக் கவனிக்க வேண்டிய ஆள். ஒருதடவை தெரிந்தால் போதும். குழந்தைக்குத் திட்டம் இருந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், அப்போது டிஎஸ்எச் கணக்கே வேறு.

மூன்றாவது லேப் வேண்டாம். மூன்றாவது நம்பர் வரும், அவ்வளவுதான்.

மூட்டுவலி:
எனக்குச் சிசிபி என்ற முடக்குவாத ஆன்டிபாடி டெஸ்ட்டில் இதே கதை. ஒரு லேபில் 17 எல்லை, இன்னொன்றில் 20. டாக்டர் நம்பரையே பார்க்கவில்லை, எல்லைக்கு எத்தனை மடங்கு என்று கேட்டார்.

ஸ்டெத்:
உங்கள் டாக்டர் செய்தது சரி. முடக்குவாதத்துக்கு 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவர்கள் வகுத்த அளவுகோலிலேயே அப்படித்தான் இருக்கிறது: எல்லைக்கு மூன்று மடங்கு வரை லேசான பாசிட்டிவ், அதற்கு மேல் வலுவான பாசிட்டிவ். லேபுக்கு லேப் எண் மாறும் என்று தெரிந்துதான் எண்ணைப் போடாமல் மடங்கைப் போட்டார்கள்.

எஸ்டேட் ரைட்டர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கிற ஒரு பெண்ணுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், தலைவலி தாங்கவில்லை. ஒரு சின்ன லேபில் வைடால் (டைஃபாய்டு ஆன்டிபாடி டெஸ்ட்) எடுத்தார்கள், அதில் ஓ என்ற பிரிவில் 1:160, டைஃபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. கீழே வேறு லேபில் எடுத்தால் 1:80, "இது டைஃபாய்டே இல்லை" என்கிறார்கள். இதிலும் மெஷின் வித்தியாசமா?

பிப்பெட்:
இதில் பல இடங்களில் மெஷினே இல்லை அண்ணா, கண்தான். ஸ்லைடு வைடால் எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன். கண்ணாடித் தகட்டில் வட்டம் வட்டமாக சீரத்தை வைப்போம்: 80 மைக்ரோ லிட்டர், 40, 20, 10, 5. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஆன்டிஜன் (ஆன்டிபாடி பிடிக்கிற கிருமிப் பொருள்). குச்சியால் கலக்கி, தகட்டைக் கையில் பிடித்து ஒரு நிமிடம் முன்னும் பின்னும் ஆட்டுவோம். துகள் துகளாகத் திரிந்தால் பாசிட்டிவ். 20 வட்டம் வரை திரிந்தால் 1:80, 10 வரை திரிந்தால் 1:160; எவ்வளவு குறைந்த சீரத்திலும் திரிகிறதோ அவ்வளவு ஆன்டிபாடி அதிகம். அந்த ஒரு நிமிடத்தில் போன் வந்து, திரும்பி வந்து பார்த்தால் சொட்டு காய ஆரம்பித்திருக்கும். காய்ந்ததும் திரிந்த மாதிரியே தெரியும். விளக்கு மங்கலாக இருந்தால் இருப்பதும் தெரியாது. எனவே 1:80-க்கும் 1:160-க்கும் நடுவே ஒரு வட்டம்தான் வித்தியாசம். ஒரு படி முன்னேபின்னே வருவதை இந்த டெஸ்ட்டில் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்டெத்:
அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே ஒரு வைடாலை வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்டவே கூடாது. வைடால் என்ற மருத்துவர் இந்த டெஸ்ட்டைச் சொன்னது 1896-இல். நம் ஊரில் பழைய தொற்று, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதனாலும் நல்ல ஆளுக்கும் 1:80 இருக்கும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து நாலு மடங்கு ஏறியிருந்தால்தான் அதற்கு அர்த்தம். அதற்குள் நோய் ஒரு வழியாகிவிடும். ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) எடுப்பதுதான் வழி.

தோட்டத்தில் வேலை, மழை முடிந்த குளிர்காலம், தாங்காத தலைவலி என்றால் எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. உடம்பில் எங்காவது கருப்பாக, சிகரெட் சுட்ட மாதிரி ஒரு பொருக்கு இருக்கிறதா என்று வீட்டுப் பெண்கள் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்புத் துணி கட்டுகிற இடம். வலிக்காது, அதனால் அவர்களே சொல்ல மாட்டார்கள்.

எஸ்டேட் ரைட்டர்:
டாக்டர், இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கீழே இருக்கிறது. அட்டை கடித்தது என்று நினைத்து விட்டுவிட்டார்களாம்.

ஸ்டெத்:
காத்திருக்க வேண்டாம். இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஸ்கிரப் டைஃபஸாக இருக்குமா, இந்தப் பொருக்கைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். புதரில் இருக்கிற உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் கேட்கும், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டால் நுரையீரல், கிட்னி வரைக்கும் போகும்.

அதற்கும் ஐஜிஎம் எலைசா என்ற ஆன்டிபாடி டெஸ்ட்தான்; ஐஜிஎம் என்பது தொற்று வந்ததும் முதலில் உருவாகும் ஆன்டிபாடி. அது முதல் வாரக் கடைசியில்தான் தெளிவாக ஏறும். மூன்றாம் நாள் எடுத்தால் நெகட்டிவ், எட்டாம் நாள் எடுத்தால் பாசிட்டிவ், லேபைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. போன வருடம் வந்து போனவருக்கு அந்த ஐஜிஎம் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டும் இருக்கும். டெங்குவும் இதே மாதிரி: முதல் ஐந்து நாளைக்கு வைரஸின் புரதத்தையே பார்க்கும் என்எஸ்1, அதற்கப்புறம் ஐஜிஎம். எந்த நாள் காய்ச்சல் என்று எழுதாத ஆன்டிபாடி ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

செவ்வாய்ப்பேட்டை:
இதெல்லாம் சரி, ஒரு வழி சொல்லுங்கள். என்ஏபிஎல் (லேபுகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பு) முத்திரை இருக்கிற லேபுக்கு மட்டும் போனால் பிரச்சினை தீர்ந்ததா?

பிப்பெட்:
பாதி தீரும். என்ஏபிஎல் அங்கீகாரம் என்பது லேபின் போர்டுக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, டெஸ்ட் டெஸ்ட்டாகக் கொடுப்பது. சர்க்கரைக்கும் ஹீமோகுளோபினுக்கும் இருக்கும், ஆன்டிபாடிக்கு இருக்காது. அந்த டெஸ்ட் பட்டியலில் இருக்கிறதா என்று என்ஏபிஎல் தளத்திலேயே பார்க்கலாம். அப்படிப்பட்ட லேப் தினமும் கண்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) ஓட்டும், வெளியிலிருந்து வருகிற சோதனை மாதிரிகளை அளந்து அனுப்பித் தன் தரத்தைக் காட்டும். வேலூர் சிஎம்சி நடத்துகிற திட்டத்தில் நாடு முழுக்க லேபுகள் சேர்ந்திருக்கின்றன. அதில் ஒரே மெஷின் வைத்திருப்பவர்களைத் தனிக் கூட்டமாக வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அதாவது, முத்திரை வாங்கிய இரண்டு லேபுக்கும் இரண்டு நம்பர் வரலாம், இரண்டுமே பாஸ்.

இன்னொன்று. நம் ஊரில் போர்டு ஒருத்தருடையது, மெஷின் இன்னொருத்தருடையது. சின்ன லேபில் ஆன்டிபாடி எல்லாம் ஓட்ட மாட்டார்கள், ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கோ வேறு எங்கோ அனுப்பிவிடுவார்கள். எங்கே பரிசோதித்தது என்று ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும். மக்கள் லேபை மாற்றிவிட்டோம் என்று நினைப்பார்கள், இரண்டு ரத்தமும் ஒரே மெஷினுக்குப் போயிருக்கும். மாற்றவில்லை என்று நினைப்பார்கள், லேப் தன் மெஷினையே மாற்றியிருக்கும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

ஐந்துரோடு:
அப்படியானால் அரசாங்கமே எச்ஐவிக்கு ஒரே டெஸ்ட்டை வைத்துச் சொல்லிவிடுகிறதே, அது எப்படி?

பிப்பெட்:
சொல்வதில்லை, அதுதான் விஷயம். ஐசிடிசி என்ற அரசு எச்ஐவி பரிசோதனை மையத்தில் முதல் கிட்டில் பாசிட்டிவ் வந்தால் வேறு ஆன்டிஜன் அல்லது வேறு முறை உள்ள இரண்டாவது கிட், அப்புறம் மூன்றாவது. மூன்றும் ஒத்துக்கொண்டால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். ஒரு கிட் பொய் சொல்லலாம் என்று முதலிலேயே கணக்கில் எடுத்துச் செய்த ஏற்பாடு. தனியாரில் தைராய்டுக்கும் மூட்டுக்கும் யாரும் இப்படி மூன்று கிட் வைத்திருக்க மாட்டார்கள், செலவு கட்டாது.

அம்மாபேட்டை மருமகள்:
எனக்கு ஏஎன்ஏ (உடம்பின் செல் கருவையே தாக்கும் ஆன்டிபாடி) 1:80 பாசிட்டிவ் என்று வந்தது. நெட்டில் பார்த்தால் லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) என்று போட்டிருக்கிறது. தூக்கம் போய்விட்டது. வேறு லேபில் எலைசாவில் எடுத்தால் நெகட்டிவ்.

ஸ்டெத்:
அம்மா, பயப்படாதீர்கள். நோயே இல்லாதவர்களை வைத்து 1997-இல் வந்த ஒரு ஆய்வில் 1:80 அளவில் 13 சதவீதம் பேருக்கு ஏஎன்ஏ பாசிட்டிவ். லூபஸ் என்று யோசிக்கவே குறைந்தது 1:80 வேண்டும் என்பது 2019 அளவுகோல். அது வாசல்படி மட்டும்தான். மூட்டு வீக்கம், வெயிலில் தடிப்பு, சிறுநீரில் புரதம், ரத்த அணு குறைவு என்று உடம்பில் வேறு ஏதாவது இருந்தால்தான் மேலே யோசிக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஐஎஃப்ஏ முறையில் பாசிட்டிவ், எலைசாவில் நெகட்டிவ் என்பது அடிக்கடி நடப்பது. மூட்டு மருத்துவர்கள் ஐஎஃப்ஏ முறையைத்தான் மேலாக எடுத்துக்கொள்வார்கள். டாக்டரை ஒருதடவை பார்த்துச் சிறுநீர் டெஸ்ட் மட்டும் கொடுத்துவிடுங்கள்.

எஸ்டேட் ரைட்டர்:
அந்தப் பெண்ணை அட்மிட் செய்துவிட்டோம். மாத்திரை தொடங்கியாயிற்று. டாக்டர் பொருக்கைப் பார்த்ததும் எலைசா ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. நன்றி.

நாகலூர்க்காரி:
எங்கள் டாக்டரும் அதேதான் சொன்னார். டிபிஓ இனி வேண்டாம், டிஎஸ்எச் மட்டும் இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால் போதும் என்றார். ஒரே ஒரு சந்தேகம். எந்த லேபில் எடுத்தாலும் மெத்தட் போட்டிருப்பார்களா? என் அம்மாவின் பழைய ரிப்போர்ட்டில் நம்பரும் எல்லையும் மட்டும்தான் இருக்கிறது.

பிப்பெட்:
போடாத இடங்கள் நிறைய உண்டு. ரிப்போர்ட்டில் இருக்கிற நம்பருக்கு போன் செய்து சாம்பிள் எண்ணைச் சொல்லி, "எந்த மெஷின், எந்த மெத்தட்" என்று கேளுங்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்குத் தெரியாது, உள்ளே டெக்னீஷியனிடம் கொடுக்கச் சொல்லுங்கள், சொல்லிவிடுவார். பேனாவால் ரிப்போர்ட்டிலேயே ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை மட்டும் போன் செய்யாதீர்கள், வெறும் வயிற்று ரத்தம் எடுக்கிற கூட்டத்தில் எவனும் எடுக்க மாட்டான்.